கிறைஸ்ட்சர்ச்சில் கூடிய தொடர்பியல் அறிஞர்கள்: யார் பேசினார்கள், யார் கேட்டார்கள்?

2024 ஜூன் 30ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஊடக, தொடர்பியல் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கத்தின் (ஐ.ஏ.எம்.சி.ஆர்.) 2024ஆம் ஆண்டு மாநாடு தொடங்கியது. ஜூலை 4 வரை ஐந்து நாட்கள் நடந்தது. பேராசிரியர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் கூடிக் கட்டுரை வாசித்துவிட்டுக் கலையும் ஒரு மாநாட்டில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஊரின் பெயரை இன்னொரு முறை வாசியுங்கள்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை, ஜும்ஆ நேரம். அந்த ஊரின் அந்நூர் பள்ளிவாசலுக்குள்ளும் பிறகு லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் துப்பாக்கியோடு நுழைந்தவன் 51 பேரைக் கொன்றான். கேரளத்திலிருந்து படிக்கப் போன ஒரு மாணவி உட்பட ஐந்து இந்தியர்களும் அதில் மவ்த்தானார்கள். அவன் பெயரை அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் உச்சரிக்க மறுத்தார். நாமும் எழுதப் போவதில்லை.

அந்தக் கொலைகள் கேமராவுக்காகவும் செய்யப்பட்டவை. தலையில் கேமராவைக் கட்டிக்கொண்டு ஃபேஸ்புக்கில் நேரலை செய்தபடியேதான் அவன் பள்ளிக்குள் போனான். ஊடகம் எப்படி வேலை செய்கிறது, ஒரு காட்சி எப்படிப் பரவுகிறது, யார் சொல்வது செய்தியாகிறது, யார் சொல்வது காற்றில் போகிறது என்பவையெல்லாம் தொடர்பியல் துறையின் பாடங்கள். அவை அத்தனையும் ஒரே நாளில் ரத்தத்தில் எழுதப்பட்ட ஊருக்குத்தான் இத்துறையின் அறிஞர்கள் ஐந்தாண்டுகள் கழித்துப் போனார்கள்.

மாநாட்டின் தலைப்பு மாவோரி மொழியில் தொடங்குகிறது. மனிதர்களைச் சேர்த்துப் பின்னுங்கள் என்பது அதன் பொருள். பத்தமடையில் கோரைப் பாய் நெய்யும் நம் குடும்பங்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. மாவோரிகளும் ஒருவகை நாரில் பாய் முடைபவர்கள்தாம். தலைப்பின் இரண்டாம் பகுதி, அமர்வுகள் எதைப் பேச வேண்டும் என்று மூன்று சொற்களில் சொல்கிறது: காலனிய நீக்கம், ஈடுபாடு, செவிசாய்த்தல். முதல் இரண்டும் இப்போது எந்தப் பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் கேட்கக்கூடியவை. மூன்றாவதுதான் நம்மை நிறுத்துகிறது. பேசுவதைப் பற்றியும் எழுதுவதைப் பற்றியும் ஒளிபரப்புவதைப் பற்றியும் மலைபோல் நூல்கள் குவித்திருக்கும் துறை, கேட்பதைத் தலைப்பாக வைத்திருக்கிறது.

இந்தச் சங்கம் 1957இல் யுனெஸ்கோவின் துணையோடு பாரிசில் தொடங்கப்பட்டது. யார் பேச்சு உலகத்துக்குக் கேட்கிறது என்ற சண்டை இத்துறைக்குப் பழையது. 1970களில் அணிசேரா நாடுகள், உலகச் செய்திகளெல்லாம் சில மேற்கத்திய நிறுவனங்களின் வழியாகவே வருகின்றன, எங்களைப் பற்றி நாங்களே அறிவதும் அவர்கள் கண்ணால்தான் என்று வழக்காடின. யுனெஸ்கோ அமைத்த மேக்பிரைட் ஆணையம் 1980இல் அறிக்கை தந்தது. துனீசியாவின் முஸ்தபா மஸ்மூதி, இந்தோனேசியாவின் மொக்தார் லூபிஸ், இந்தியாவின் பி.ஜி. வர்கீஸ் ஆகியோர் அதில் இருந்தார்கள். நாவலாசிரியர் கார்சியா மார்க்கேசும் உறுப்பினர். அறிக்கை வந்த சில ஆண்டுகளில் அமெரிக்காவும் அதைத் தொடர்ந்து பிரிட்டனும் யுனெஸ்கோவை விட்டே வெளியேறின. அந்த விலகலுக்கு இந்தத் தகராறும் ஒரு பெரிய காரணம். அறிக்கைக்கு மறு ஆண்டு, ஈரான் பிணைக்கைதிகள் விவகாரத்தை அமெரிக்க ஊடகங்கள் காட்டிய விதத்தை முன்வைத்து எட்வர்ட் செய்த் ‘கவரிங் இஸ்லாம்’ நூலை வெளியிட்டார். முஸ்லிம்களை ஊடகம் எப்படிக் காட்டுகிறது என்ற ஆய்வுகளில் இன்றுவரை அந்த நூலைத் தொடாமல் போகிறவர்கள் குறைவு.

2024 மாநாட்டுக்கு வருவோம். சங்கத்தின் வேலை பல பிரிவுகளாகவும் பணிக்குழுக்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. பார்வையாளர் ஆய்வு, இதழியல், தொடர்பியல் கொள்கையும் தொழில்நுட்பமும், சட்டம், பாலினம், புலம்பெயர்ந்தோரும் ஊடகமும், நெருக்கடிக் காலத் தொடர்பு, மதமும் தொடர்பியலும் என்று நீளும் பட்டியலில் ‘இஸ்லாமும் ஊடகமும்’ என்ற தனிப் பணிக்குழுவும் இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே கட்டுரைகளை அழைத்து, தேர்ந்து, அமர்வுகளாக அடுக்குகிறது. ஒரே நேரத்தில் பல அறைகளில் அமர்வுகள் நடக்கும். ஓர் அறையில் நான்கைந்து பேர், ஆளுக்குக் கால் மணி நேரம், கடைசியில் கேள்விகளுக்குச் சில நிமிடங்கள். ஒருவர் ஒரே சமயத்தில் ஓர் அறையில்தான் உட்கார முடியும். இந்தச் சின்ன விஷயத்தை நினைவில் வையுங்கள். பிறகு வருகிறோம்.

செவிசாய்த்தல் என்ற சொல்லை முதலில் பார்ப்போம். நியூசிலாந்தில் முஸ்லிம்கள் மக்கள்தொகையில் சுமார் ஒரு சதவீதம். அங்குள்ள இஸ்லாமியப் பெண்கள் கவுன்சில், தாக்குதலுக்கு முந்தைய ஐந்தாண்டுகளாக அரசுத் துறைகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டிருந்தது. ஹிஜாப் அணிந்த பெண்கள் தெருவில் அவமதிக்கப்படுகிறார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சீண்டப்படுகிறார்கள், வெள்ளை இனவாதக் குழுக்கள் வளர்கின்றன, ஏதாவது செய்யுங்கள் என்று அதிகாரிகளோடும் அமைச்சர்களோடும் கூட்டங்கள் நடத்தியது. தாக்குதல் நடந்த சில நாட்களிலேயே கவுன்சிலைச் சேர்ந்த அஞ்சும் ரஹ்மான், நாங்கள் எச்சரித்தோம், மன்றாடினோம் என்று ஆதங்கத்தோடு எழுதினார். அங்கே அந்தப் பெண்கள் சரியான மொழியில், சரியான வாயிலில், ஆவணங்களோடு போய்ப் பேசினார்கள். கூட்டக் குறிப்புகள்கூட இருந்தன. ‘முஸ்லிம்கள் வெளியே வந்து பேசுவதில்லை, தங்கள் தரப்பைச் சொல்லத் தெரிவதில்லை’ என்று நம்மிடமும் அடிக்கடி சொல்லப்படுகிறது. அப்படிச் சொல்கிறவர்கள் இந்த ஐந்தாண்டுகளைப் படிக்க வேண்டும்.

அரசு அமைத்த ராயல் ஆணையம் 2020 டிசம்பர் 8இல் வெளியிட்ட அறிக்கை 44 பரிந்துரைகள் செய்தது. உளவு அமைப்புகளின் கவனமும் வளங்களும் பொருத்தமற்ற அளவுக்கு முஸ்லிம் தீவிரவாதத்தின் பக்கமே குவிந்திருந்தன என்று அது ஒப்புக்கொண்டது. அதே அறிக்கை, கவனம் சமமாகப் பரவியிருந்தாலும் இந்தக் கொலையாளியை முன்கூட்டியே கண்டுபிடித்திருக்க முடியாது என்றும் சொன்னது. இந்த இரண்டாவது முடிவை உறவுகளை இழந்த குடும்பங்கள் பலவற்றால் ஏற்க முடியவில்லை. 2023 அக்டோபரில் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை தொடங்கியபோதும் அவர்களின் கேள்விகள் ஓய்ந்திருக்கவில்லை.

தமிழில் ‘கேட்பது’ என்றால் காது கொடுப்பதும் உண்டு, வினவுவதும் உண்டு, உரிமையாகக் கோருவதும் உண்டு. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் மூன்று சொற்கள் வேண்டும். மாநாட்டு அறைகளில் முதல் பொருளில் மட்டும் இந்தச் சொல் பேசப்பட்டிருந்தால், அது நல்ல மனத்தைப் பற்றிய இனிமையான உரையாடலாக முடிந்திருக்கும். கேட்டவர் என்ன செய்தார், செய்யாவிட்டால் யார் பொறுப்பு என்பதுவரை போன அமர்வுகள் எத்தனை இருந்தன என்பதுதான் நம் கவனத்துக்குரியது.

தொழில்நுட்ப அமர்வுகளுக்கு இங்கே தனி முக்கியத்துவம் இருக்கிறது. நேரலை சுமார் 17 நிமிடங்கள் ஓடியது. ஃபேஸ்புக்கே வெளியிட்ட கணக்கு இது: நேரலையாகப் பார்த்தவர்கள் 200க்கும் குறைவு, அவர்களில் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. முதல் புகார் வந்தது காட்சி தொடங்கி 29ஆம் நிமிடத்தில். நீக்கப்படும் முன் அது ஏறக்குறைய 4,000 முறை பார்க்கப்பட்டிருந்தது. அடுத்த 24 மணி நேரத்தில் அதே காட்சியின் 15 லட்சம் பிரதிகளை நிறுவனம் நீக்கியது. அவற்றில் 12 லட்சத்துக்கு மேற்பட்டவை பதிவேறும் தறுவாயிலேயே தடுக்கப்பட்டன. அப்படியானால் மீதமுள்ளவை, கிட்டத்தட்ட மூன்று லட்சம், மேடை ஏறிவிட்டே இறங்கின. வெட்டியும் ஒட்டியும் திரையைப் படம்பிடித்தும் 800க்கும் மேற்பட்ட வடிவங்களில் அது சுற்றியது.

இத்தனை பிரதிகளை ஏற்றியவர்கள் எல்லோரும் இனவாதிகளா? இல்லை. அதிர்ந்துபோய் அனுப்பியவர்கள் உண்டு. ‘நம் சகோதரர்களுக்கு நேர்ந்ததைப் பாருங்கள், துஆ செய்யுங்கள்’ என்ற குறிப்போடு வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்களும் உண்டு. கொலைகாரன் எடுத்த படத்துக்குக் கொல்லப்பட்டவர்களின் உறவுகளே விநியோகஸ்தர்களாகும்படி இந்தத் தளங்கள் அமைந்திருக்கின்றன. பகிர் என்ற பொத்தானுக்குத் துக்கமும் வெறுப்பும் ஒன்றுதான். செய்தி வந்தால் விசாரித்துத் தெளிவு பெறுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயம் நமக்குச் சொல்லித் தந்திருக்கிறது. உண்மையான செய்தியையும் எந்த வடிவில் பரப்புவது என்ற கேள்வியை இந்தக் காலம் அதோடு சேர்த்திருக்கிறது. நம் ஜமாஅத் கூட்டங்களிலும் பயான்களிலும் இது பேசப்பட வேண்டிய பொருள். ஆனால் பொறுப்பையெல்லாம் பகிர்ந்த விரலின் மீதே சுமத்திவிட்டு, அந்தப் பொத்தானை வடிவமைத்து அதில் லாபம் பார்க்கும் நிறுவனத்தைத் தப்பவிடுவது சரியல்ல. தாக்குதலுக்கு இரண்டு மாதம் கழித்து, ஆர்டெர்னும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் பாரிசில் தொடங்கிய ‘கிறைஸ்ட்சர்ச் அழைப்பு’ இத்தகைய காட்சிகளைத் தடுப்பதாக அரசுகளும் நிறுவனங்களும் தாமாக முன்வந்து தரும் வாக்குறுதிதான். மீறினால் தண்டனை கிடையாது. ஊரின் பெயரைத் தாங்கிய அந்த வாக்குறுதி ஐந்தாண்டுகளில் என்ன சாதித்தது என்று அந்த ஊரிலேயே வைத்துக் கணக்குப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வந்திருக்காது.

இதழியல் அமர்வுகளுக்கு நியூசிலாந்து ஊடகங்கள் நல்ல முன்மாதிரியும் தந்திருக்கின்றன. தாக்குதலுக்கு அடுத்த வெள்ளியன்று தேசிய வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பாங்கு ஒலித்தது. ‘தி பிரெஸ்’ என்ற உள்ளூர் நாளிதழ் தன் முதல் பக்கத்தில் ‘ஸலாம்’ என்ற சொல்லை அரபியிலேயே அச்சிட்டது. கொலையாளியின் வழக்கு தொடங்குமுன், நாட்டின் முக்கிய செய்தி நிறுவனங்கள் ஐந்து ஒன்றுகூடி, அவனுடைய கொள்கை அறிக்கைக்கும் இனவாத முழக்கங்களுக்கும் இடம் தருவதில்லை என்று விதிமுறை வகுத்துக்கொண்டன. போட்டி ஊடகங்கள் ஒரு விஷயத்தை வெளியிடாமல் இருப்பதற்காக ஒப்பந்தம் செய்வது அபூர்வம்.

அதே வாரம் பிரிட்டனின் ‘டெய்லி மிரர்’ கொலையாளியின் சிறு வயதுப் படத்தைப் பெரிதாகப் போட்டு, தேவதை போன்ற சிறுவன் என்று தலைப்பில் வர்ணித்தது. கொலை செய்தவன் முஸ்லிமாக இருந்தால் அவனுடைய குழந்தைப் பருவத்தைத் தேடி எந்தப் பத்திரிகையும் போவதில்லை என்பது நமக்குத் தெரிந்ததே. ஆய்வும் அதைத் தொட்டிருக்கிறது. 2006 முதல் 2015 வரை அமெரிக்காவில் நடந்த பயங்கரவாதத் தாக்குதல்களை எடுத்துக்கொண்டு எரின் கியர்ன்சும் உடன் ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், முஸ்லிம்கள் செய்தவற்றுக்கு மற்றவற்றைவிடச் சராசரியாக 357 சதவீதம் கூடுதல் செய்தி கிடைத்திருந்தது. உயிரிழப்பு எண்ணிக்கை போன்ற வேறு காரணங்களைக் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது.

நல்லெண்ணத்துக்கும் ஒரு கதை உண்டு. 2021 ஜூனில் இந்தத் தாக்குதலைப் பற்றி ஒரு திரைப்படம் அறிவிக்கப்பட்டது. ‘அவர்கள் நாம்தான்’ என்ற பொருளில், ஆர்டெர்ன் சொன்ன சொற்களே அதன் தலைப்பு. கதையின் மையமும் ஆர்டெர்ன்தான். ஐம்பத்தொரு பேர் மரணித்த கதையில் கதாநாயகி பிரதமர்! நியூசிலாந்தின் முஸ்லிம் இளைஞர் அமைப்பு தொடங்கிய எதிர்ப்பு மனுவில் பல்லாயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். ஒரு தயாரிப்பாளர் மன்னிப்புக் கேட்டு விலகினார். படம் நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஒரு முறை குரல் கேட்டது. மனுவில் கையெழுத்துகள் ஏறிய வேகத்துக்கும் பெண்கள் கவுன்சிலின் ஐந்தாண்டுக் கூட்டங்களுக்கும் இடையே என்ன வித்தியாசம் என்று எந்த ஆய்வாளராவது ஒப்பிட்டுப் பார்த்தால் பயனுள்ள கட்டுரை கிடைக்கும்.

இனி, நினைவில் வைக்கச் சொன்ன அறைகளுக்கு வருவோம். ‘இஸ்லாமும் ஊடகமும்’ பணிக்குழு இருப்பது நல்லதே. இப்படி ஒரு மேடை கிடைக்க உழைத்தவர்களை மதிக்கிறோம். நம் அச்சம் வேறு. அந்த அறையில் முஸ்லிம் ஆய்வாளர்கள் முஸ்லிம் ஆய்வாளர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்க, தளங்களின் கணக்கீட்டு விதிகளைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் முடிவுகளை உருவாக்கும் விவாதங்கள் பக்கத்து அறைகளில் நாமில்லாமல் நடந்துவிடக் கூடாது. தலைப்புகளை எண்ணி, இத்தனை செய்திகளில் இத்தனை எதிர்மறையானவை என்று காட்டும் ஆய்வுகள் போதுமான அளவு வந்துவிட்டன என்பது நம் கருத்து. நமக்கு எதிராக எழுதுகிறார்கள் என்பதை நமக்கே இன்னொரு முறை நிரூபிப்பதில் பலனில்லை. அந்தத் தலைப்பை வைத்தவர் யார், செய்தி அறையில் அதை யார் தட்டிக்கேட்டிருக்க முடியும், திருத்தம் வெளியானபோது எத்தனை பேர் பார்த்தார்கள் என்று போகும் ஆய்வுகள்தான் தேவை.

தமிழ் பேசும் நமக்குச் சொல்லவும் இருக்கிறது. கிறைஸ்ட்சர்ச்சுக்கு ஐந்து வாரம் கழித்து இலங்கையில் ஈஸ்டர் ஞாயிறு தாக்குதல் நடந்தது. இரண்டே நாளில் இலங்கைப் பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர், இது கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பழிவாங்கல் என்று முதற்கட்ட விசாரணையை மேற்கோள் காட்டி நாடாளுமன்றத்தில் சொன்னார். அப்படி உளவுத் தகவல் எதுவும் தங்களிடம் இல்லை என்று நியூசிலாந்து அரசு சொன்னது. முதல் கூற்று உலகம் முழுவதும் தலைப்புச் செய்தியானது. மறுப்பு உள்பக்கத்துக்குப் போனது. மே மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அதே மாதம் ஒரு சிங்கள நாளிதழின் முதல் பக்கச் செய்தியைத் தொடர்ந்து, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற புகாரில் குருநாகல் மருத்துவர் ஒருவர் கைதானார். ஆதாரம் இல்லை என்று குற்றப் புலனாய்வுத் துறையே நீதிமன்றத்தில் தெரிவித்தது. அவர் வேலைக்குத் திரும்ப ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டில் 2020 ஏப்ரலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அன்றாடக் கொரோனா எண்ணிக்கையில் டெல்லி தப்லீக் மாநாட்டுக்குச் சென்றுவந்தவர்கள் தனியே எண்ணப்பட்டு அறிவிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு மாலையும் அந்த எண்ணுக்காகத் தொலைக்காட்சி முன் நெஞ்சு படபடக்க உட்கார்ந்திருந்த குடும்பங்கள் ஏராளம். பிறகு அரசு ‘சிங்கிள் சோர்ஸ்’ என்று பெயரை மாற்றியது. ஒரு சொல்லை மாற்றியதால் தெருவில் என்ன மாறியது? தாமதமாக மாற்றியதால் எது மாறவே இல்லை? வெளிநாட்டு தப்லீக் பயணிகள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்றும், அச்சு, காட்சி ஊடகங்களில் பெரும் பிரச்சாரம் நடந்தது என்றும் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்ட் 21இல் சொல்லிவிட்டது. வழக்குகளை ரத்தும் செய்தது. அந்த மாதங்களில் நம் வீடுகளில் நிலவிய அச்சத்தை, கடையில் காய்கறி வாங்கும்போது கிடைத்த பார்வையை, முறையான ஆய்வாகப் பதிவு செய்யும் வேலை தமிழில் இன்னும் நிறைய மிச்சமிருக்கிறது.

செய்ய ஆள் வேண்டும். நம் சமுதாயக் கல்லூரிகள் சிலவற்றில் விஸ்காம் படிப்பு இருக்கிறது. படித்து முடிக்கிற பிள்ளைகள் கல்யாண வீடியோவுக்கும் விளம்பர நிறுவனத்துக்கும் போகிறார்கள். அதில் குறையில்லை, வயிற்றுப்பாடு இருக்கிறது. ஆனால் பத்தில் ஒரு பிள்ளையையாவது முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் அனுப்ப உதவித்தொகை தரும் அறக்கட்டளைகள் முன்வரலாம். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தருவதுபோல் இதற்கும் ஒரு வரி சேர்த்தால் போதும். சங்கத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் மூன்றே. விமானக் கட்டணமும் பதிவுக் கட்டணமும் நம் ஊர் ஆராய்ச்சி மாணவருக்கு மலை. ஆனாலும் நேரில் போக முடியாதவர்கள் இணையவழியாகக் கட்டுரை தர இந்தச் சங்கம் வழி வைத்திருக்கிறது.  அடுத்த மாநாட்டுக்கான அழைப்பு வரும்போது தெரிந்த பேராசிரியர்களிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.

மாநாடு ஞாயிறு தொடங்கி வியாழனோடு முடிந்தது. மறுநாள் ஜூலை 5, வெள்ளி. நகர மையத்திலிருந்து ஹாக்லி பூங்காவைக் கடந்தால் அந்நூர் பள்ளி வந்துவிடும். அன்றும் அங்கே ஜும்ஆ நாள்தான். ஊர் திரும்பும் விமானத்தை ஒரு நாள் தள்ளிப்போட முடிந்த அறிஞர்கள், தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களிடம் தங்கள் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கலாம். அவர்கள் என்ன பதில் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துவிட்டும் வந்திருக்கலாம்.